பழைய மடிக்கணினிக்கு விண்டோஸா, உபுண்டுவா?

என் சேதி இவ்வளவுதான்: வில்லாபுரத்துக்கு வீடு மாறினோம், எனக்கு மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது, பரணில் கிடந்த மடிக்கணினியோடு, விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு இயங்குதளத்துக்கே திரும்பிவிட்டேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, என் கிழட்டுப் பெட்டியில் அது ஏது? உபுண்டு 24.04 அதைக் கேட்பதில்லை. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பும் உண்டு.

தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். 'அம்மா' என்று அடிக்க மகரத்தை இருமுறை தட்டினேன். முதல் மகரத்தில் புள்ளி தானாக விழுந்தது. நான் மறந்திருந்தேன், விரல்கள் மறக்கவில்லை.

தம்பி கதை வேறு. கீழமாசி வீதிக் கடையின் கணக்கெல்லாம் டேலியில். அது விண்டோஸுக்கான மென்பொருள். அவனை உபுண்டுவுக்கு இழுத்தால் கடைக்கணக்கை நான்தான் எழுத வேண்டியிருக்கும். அவன் புதுக் கணினியும் விண்டோஸ் 11-உமாகவே இருக்கட்டும்.