பிக்கிள்பால் பேடிலுக்கு எடை டேப்: ஈயமா, டங்ஸ்டனா, எங்கே ஒட்டுவது?

பிக்கிள்பாலில் கிச்சன் கோட்டில், அதாவது வலையை ஒட்டிய பகுதியின் எல்லைக் கோட்டில், நின்று எதிராளியின் டிரைவை (வேகமான நேரடி அடி) மட்டையால், அதாவது பேடிலால், தடுக்கும்போது பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால், கைப்பிடி உள்ளங்கைக்குள் சட்டென்று திருகிக்கொள்ளும். பந்து வலையில் போய் விழும். இல்லையென்றால் எம்பி, எதிராளி ஓங்கி அடிக்க வாகாக நிற்கும். பலரும் இதைப் பிடியில் பலம் போதாத குறை என்று நினைத்து பேடிலை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் டிங்க் (வலைக்கு மேலாக மெல்லத் தட்டிவிடுவது), ரீசெட் (வேகமாக வரும் பந்தை வேகம் குறைத்து மெல்லத் திருப்புவது) எல்லாம் கெட்டுப்போகும். விதிப்படி பந்தின் எடை 22.1 முதல் 26.5 கிராம் வரை. பேடில் 220 கிராம் பக்கம். தன் எடையில் பத்தில் ஒரு பங்குள்ள பொருள் வேகமாக வந்து மையத்தைவிட்டுத் தள்ளி மோதினால் பேடில் திரும்பத்தான் செய்யும். புது பேடில் வாங்காமல் அந்தத் திருகலைக் குறைக்க ஆகக் குறைந்த செலவில் ஆகிற வேலை, விளிம்பில் சில கிராம் எடை டேப் ஒட்டுவது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது அரை இன்ச் அகல டங்ஸ்டன் டேப். ஒட்ட வேண்டிய இடம் இரண்டு பக்கவாட்டு விளிம்புகளின் நடுப்பகுதி, அதாவது பேடிலைக் கடிகாரமாக வைத்துப் பார்த்தால் 3 மணியும் 9 மணியும். பக்கத்துக்கு 3 கிராம், மொத்தம் 6 கிராமில் தொடங்குங்கள். உச்சியில், 12 மணி இடத்தில், ஒட்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், கணக்கு அப்படி. பேடிலின் குணத்தை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஸ்விங் வெயிட்: வீசும்போது தலைப்பகுதி எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பது. மற்றது ட்விஸ்ட் வெயிட்: கைப்பிடியை அச்சாக வைத்து பேடில் திருகுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பது. பொதுவாக ஸ்விங் வெயிட் 110 முதல் 120 வரை இருக்கும், ட்விஸ்ட் வெயிட் 6 பக்கம் இருக்கும் (இரண்டும் கி.கி.·செ.மீ.² அலகில்). ஒட்டும் எடையின் விளைவு, சுழலும் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் விளைவு நான்கு மடங்கு.

16.5 இன்ச் நீளம், 7.5 இன்ச் அகலம் உள்ள நீள வாகுப் பேடிலை எடுத்துக்கொள்வோம். நடு அச்சிலிருந்து விளிம்பு வரை 9.5 செ.மீ. பக்கத்துக்கு 3 கிராம் வீதம் 6 கிராமை 3 மணி, 9 மணியில் ஒட்டினால் ட்விஸ்ட் வெயிட் சுமார் 0.54 கூடும். 6 என்ற எண்ணின் மேல் இது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம். கையில் நன்றாகவே தெரியும். ஸ்விங் வெயிட் 3 புள்ளி மட்டும் ஏறும். அதே 6 கிராமை உச்சியின் நடுவில் ஒட்டினால் ஸ்விங் வெயிட் 8 புள்ளி ஏறிவிடும், ட்விஸ்ட் வெயிட்டோ அசையாது. ஏனென்றால் அந்த எடை அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. திருகல் குறையாமல் பேடில் மட்டும் மந்தமாகும். இரண்டு கிச்சன் கோடுகளுக்கும் இடையே 14 அடிதான். அந்த நெருக்கத்தில் கைச்சண்டை, அதாவது இரு தரப்பும் பந்தை வேகமாக மாறி மாறி அடிப்பது, நடக்கும்போது பேடில் ஒரு நொடித்துளி தாமதமாக வந்தாலும் பந்து உடம்பில் பட்டுவிடும்.

மேல் மூலைகள், அதாவது 10 மணியும் 2 மணியும், இடைப்பட்ட இடம். ட்விஸ்ட் வெயிட் ஓரளவு கூடும், ஸ்விங் வெயிட் 6 புள்ளிக்கு மேல் ஏறும். ஸ்வீட் ஸ்பாட், அதாவது பந்து பட்டால் அடி நன்றாக விழும் இடம், சற்று மேலே நகரும். பின்கோட்டிலிருந்து பலமாக டிரைவ் அடிப்பவர்களுக்கும், பந்தை வழக்கமாகத் தலைப்பகுதியில் வாங்குபவர்களுக்கும் இது ஒத்துவரும். கைப்பிடி தொடங்கும் தொண்டைப் பகுதியில் ஒட்டினால் ஸ்விங் வெயிட் ஒரு புள்ளிகூட ஏறாது, திருகலும் கொஞ்சம் குறையும். மணிக்கட்டு வேகத்தை நம்பி ஆடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கைப்பிடியின் அடிமுனையில் எடை வைப்பது வேறு கதை. அது தலைப்பாரத்தைச் சமன் செய்ய உதவும், திருகலுக்கு மருந்தல்ல.

இனி டேப்புகளுக்கு வருவோம்.

ஈய டேப் டென்னிஸ்காரர்களுக்குப் பழகிய பொருள். காமா, டூர்னா போன்ற பெயர்களில் நெடுநாளாகக் கிடைக்கிறது. விலை குறைவு. கால் இன்ச் அகல டேப் சாதாரணமாக இன்ச்சுக்குக் கால் கிராம், அரை இன்ச் அகலம் இன்ச்சுக்கு அரை கிராம் என்ற கணக்கில் வரும். ஆகவே பக்கத்துக்கு 3 கிராம் வேண்டுமென்றால் அரை இன்ச் டேப்பில் ஆறு இன்ச் ஒரே அடுக்காக, அல்லது மூன்று இன்ச் இரண்டு அடுக்காக ஒட்ட வேண்டும். இதன் பெரிய பலம், ஈயம் மென்மையானது. எட்ஜ் கார்டின் (பேடில் விளிம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் காப்புப் பட்டை) வெளிப்புறம் தட்டையாக இருக்காது, லேசாகக் குவிந்திருக்கும். ஈயத்தை அழுத்தித் தேய்த்தால் அந்த வளைவுக்கு அப்படியே படிந்துவிடும், திரும்ப எழாது. பலவீனம் இரண்டு. தரையில் உரசினால் கிழிந்து, கூரான ஓரம் நீட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, ஈயம் நஞ்சு. மேற்பூச்சு இல்லாத டேப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறம் ஒட்டும். அந்தக் கையோடு தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் நெற்றி வியர்வையைத் துடைப்பதும் நடக்கும். வீட்டில் சிறு குழந்தைகள் பேடிலை எடுத்து விளையாடுவார்கள் என்றால் ஈய டேப் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் பயன்படுத்தினாலும் மேலே இன்னொரு டேப்பால் முழுதாக மூடியே பயன்படுத்த வேண்டும்.

டங்ஸ்டன் டேப் என்று விற்பது தகடு அல்ல. டங்ஸ்டன் தூளை ரப்பர் போன்ற பாலிமரில் கலந்து செய்த பட்டை. தூய டங்ஸ்டனின் அடர்த்தி 19.3, ஈயத்தின் அடர்த்தி 11.34. ஆனால் பாலிமர் கலப்பதால் அந்த முழு வித்தியாசமும் டேப்பில் கிடைக்காது. தயாரிப்புக்குத் தயாரிப்பு இன்ச்சுக்கு எத்தனை கிராம் என்பது மாறும். பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பாமல் ஒரு துண்டைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. விலை ஈயத்தைப் போலப் பல மடங்கு. அந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது: கையில் கறை இல்லை, நச்சுப் பயம் இல்லை, தரையில் உரசினால் கிழியாமல் தேயும், சின்னத் துண்டிலேயே வேண்டிய எடை வந்துவிடும். குறை ஒன்று உண்டு. ரப்பர் தன்மையால் இது வளைவில் படியாமல் எம்பப் பார்க்கும். எனவே பசையின் தரம்தான் எல்லாம். மலிவான டங்ஸ்டன் டேப்புகள் பெரும்பாலும் பசையில்தான் கோட்டை விடுகின்றன. சென்னை போன்ற கடலோர ஊரில், வியர்வையும் ஈரக்காற்றும் சேரும் இடத்தில், அது சீக்கிரமே வெளிப்பட்டுவிடும்.

கார் சக்கரம் பேலன்ஸ் செய்ய ஒட்டும் எடைக் கட்டிகளைச் சிலர் பேடிலில் ஒட்டுகிறார்கள். வேண்டாம். 5 கிராம், 10 கிராம் என்று பெரிய அளவில்தான் வரும், ஒரு கிராம் கூட்டிக் குறைக்க வழியில்லை. தடிமனாக வெளியே துருத்தி நிற்பதால் தாழ்வான பந்தை எடுக்கும்போது தரையில் தட்டித் தெறித்துவிடும்.

ஒட்டும் வேலைக்கு வேண்டியவை: 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு, ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு, கத்தரி, அளவுகோல், கறுப்பு இன்சுலேஷன் டேப். தராசைத் தவிர்த்துவிடாதீர்கள். 7.8 முதல் 8.2 அவுன்ஸ் என்று போட்டு விற்கும் பேடில், கிராமில் 221 முதல் 232 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த 11 கிராம் வித்தியாசம் நீங்கள் ஒட்டப்போவதைவிட அதிகம். நண்பரின் பேடிலுக்கு ஒத்துவந்த அளவு உங்களுடையதற்கு ஒத்துவராமல் போவதற்குக் காரணம் பல நேரம் இதுதான். கைப்பிடியின் மேல் ஓவர்கிரிப் என்ற கூடுதல் பட்டை சுற்றியிருந்தால் அதுவும் சுமார் 5 கிராம் இருக்கும். நீங்கள் ஆடும் நிலையிலேயே பேடிலை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒட்டிவிட வேண்டாம். சம எடையில் இரண்டு துண்டுகள் வெட்டி, பின்புறக் காகிதத்தை உரிக்காமலேயே விளிம்பில் வைத்து, மேலே இன்சுலேஷன் டேப்பால் பிடித்துவைத்து ஆடிப் பாருங்கள். பிளாக் செய்யும்போது முகம் திரும்பாமல் நிற்கிறதா, கைச்சண்டையில் கை தாமதிக்கிறதா என்று இரண்டையும் கவனியுங்கள். போதவில்லை என்றால் பக்கத்துக்கு ஒரு கிராம் கூட்டலாம். மூன்று கிராம் சேர்த்தவுடன் பிடித்துப்போய் ஒரேயடியாகப் பத்துக்குத் தாவுவதுதான் வழக்கமான தவறு. கூடும் எடையை முதலில் உணர்வது முழங்கையும் மணிக்கட்டும்தான். அங்கே வலி தலைகாட்டினால் எடையைக் குறையுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

இடம் முடிவானதும் எட்ஜ் கார்டை ஆல்கஹாலால் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக்கும் கைப்பிசுக்கும் சேர்ந்தால் எந்தப் பசையும் நிற்காது. டேப்பின் முனைகளைச் சதுரமாக விடாமல் கத்தரியால் உருட்டி வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். 16 மி.மீ. தடிமன் பேடிலில் அரை இன்ச் டேப், அதாவது 12.7 மி.மீ., எட்ஜ் கார்டின் வெளிப்புறத்திலேயே அடங்கிவிடும். ஒட்டும்போது இழுத்து நீட்டாதீர்கள். இழுத்து ஒட்டிய டங்ஸ்டன் டேப் சுருங்கப் பார்த்து முனையில் எழும்பும். நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்து, குறிப்பாக இரண்டு நீள ஓரங்களும் படிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு அதன் மேல் 18 மி.மீ. இன்சுலேஷன் டேப் ஓர் அடுக்கு. 15 செ.மீ. துண்டு அரை கிராம்கூட இருக்காது, ஆனால் வியர்வை, தரை உரசல் இரண்டிலிருந்தும் காக்கும். ஒரு நாள் அப்படியே விட்டு, அதன் பிறகு ஆடினால் பசை நன்றாகப் பிடித்திருக்கும்.

அகலமான டேப்பை முகப்பின் மேல் மடித்து ஒட்டுகிறவர்கள் இரண்டு சிக்கலைச் சந்திப்பார்கள். வளைவில் சுருக்கம் விழும். சொரசொரப்பான கார்பன் பரப்பில் பசை மேடுகளை மட்டும் தொடுவதால் சீக்கிரம் கழன்றும் வரும். விதியும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்க விதிப்புத்தகம் எடை டேப்பை அனுமதிக்கிறது, பேடிலின் எடைக்கு உச்சவரம்பும் வைக்கவில்லை. ஆனால் டேப், எட்ஜ் கார்டின் உட்புற ஓரத்தைத் தாண்டி 1.27 செ.மீ.க்கு மேல் முகப்பில் வரக்கூடாது. கைப்பிடியின் மேல் முனையிலிருந்து 2.54 செ.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. விதிகள் திருத்தப்படுவதுண்டு என்பதால் போட்டிக்குப் போகிறவர்கள் அந்த ஆண்டுப் பதிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒட்டிய பிறகு பந்து படும்போது புதிதாகக் கடகட சத்தம் வந்தால் முதலில் டேப்பை அழுத்திப் பாருங்கள். டேப் உறுதியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் எட்ஜ் கார்டே பேடிலிலிருந்து பிரிந்திருக்கலாம். அந்தப் பிளவை டேப்பால் மூடிவைப்பது தீர்வல்ல; முதலில் கார்டை ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். அகலமான பேடில், அதாவது 16 இன்ச் நீளம், 8 இன்ச் அகல வகை, பிறவியிலேயே திருகலை நன்றாகத் தாங்கும். அதற்குப் பக்கத்துக்கு 2 கிராம் தாராளம், பலருக்கு டேப்பே தேவைப்படாது.

கழற்ற வேண்டுமானால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், பேடிலிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, டேப் இளகியதும் முனையிலிருந்து மெல்ல மடக்கி உரியுங்கள். ஒரே இடத்தில் சூடு காட்டாதீர்கள். பெரும்பாலான பேடில்களின் உள்ளே இருப்பது பாலிபுரோப்பிலீன் தேன்கூடு, அது சூட்டுக்கு இளகும். மிச்சமிருக்கும் பசையை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போதும். பல நெயில் பாலிஷ் ரிமூவர்களில் அசிட்டோன் இருக்கும், அது எட்ஜ் கார்டையும் பெயின்ட்டையும் அரித்துவிடலாம், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். உரித்தது ஈய டேப் என்றால் குப்பைக்கூடையில் வீசாமல் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.