மருந்துக்கு எட்டு மாத அவகாசம் கிடையாது: அமெரிக்காவில் ஓய்வு பெறுவோர் கவனத்துக்கு

65 வயது தாண்டியும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவருக்கு நேர்ந்தது இது. கம்பெனி இன்சூரன்ஸ் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. இனி 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் சேர வேண்டும். ஃபோனில் பேசிய இன்சூரன்ஸ் ஏஜென்ட், "எட்டு மாசம் டைம் இருக்கு சார், பார்ட் பி மட்டும் இப்ப எடுத்துக்குங்க, மருந்து பிளானை மெதுவா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஜூனில் வாங்கி வைத்த 90 நாள் மருந்து கையில் இருந்ததால் செப்டம்பர் கடைசி வரை வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மருந்துக்குக் காப்பீடே இல்லை என்பது பார்மசி கவுன்டரில்தான் தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் எலிக்விஸ், இன்சூரன்ஸ் இல்லாமல் மாதத்துக்கு 600 டாலரை ஒட்டி வந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் கைக்காசு.

எட்டு மாதம் என்பது மெடிக்கேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு உள்ள கணக்கு. மருந்துத் திட்டமான பார்ட் டி-க்கு, கம்பெனி கவரேஜ் முடியும் மாதத்துக்குப் பிறகு இரண்டு முழு மாதங்கள்தான். ஜூன் 30-இல் முடிந்தால் ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதைத் தவறவிட்டால் பொதுவாக அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நடக்கும் ஆண்டுப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டும். கவரேஜ் ஜனவரி 1-இல்தான் தொடங்கும்.

இதோடு அபராதமும் உண்டு. தகுதியான (பார்ட் டி-க்கு நிகரான) மருந்து கவரேஜ் இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போனால், கவரேஜ் இல்லாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த அடிப்படை 38.99 டாலர். இவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதம், ஆகவே 6 சதவீதம்: மாதம் 2.30 டாலர். தொகை சின்னதுதான். ஆனால் பார்ட் டி வைத்திருக்கும் வரை, அதாவது அநேகமாக ஆயுள் முழுக்க, கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; அடிப்படை பிரீமியம் ஏறினால் அதுவும் ஏறும்.

இரண்டு மாதம் இருக்கிறதே என்று அதையும் முழுசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதிதான் பிளான் தொடங்கும். ஆகஸ்ட் 31-இல் சேர்ந்தால் அபராதம் வராது, ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மருந்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஜூனிலேயே விண்ணப்பித்து, ஜூலை 1-இல் தொடங்கச் சொல்வதே சரி.

பிளானை ஒப்பிடும்போது ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாமல், மருந்து பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெடிக்கேர் இணையதளத்தில் நீங்களே ஒவ்வொன்றாக உள்ளிடுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஈ.ஆர். என்ற ஒரே பெயரில் சில வகை மாத்திரைகள் உண்டு. சாதாரண வகை மிக மலிவு. 'ஆஸ்மாடிக்' என்று குறித்த வகை பல மடங்கு விலை, பல பிளான்களில் கவரேஜே இருக்காது. பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் வருடச் செலவுக் கணக்கே புரண்டுவிடும். நீங்கள் போகும் பார்மசி அந்த பிளானின் 'ப்ரிஃபர்டு' (குறைந்த விலையில் தரும் கடைகள்) பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய பிளானில் டாக்டர் வாங்கித் தந்த முன் அனுமதி புதிய பிளானுக்கு வராது. மெயில் ஆர்டர் மருந்துச் சீட்டும் தானாக மாறாது, புதிதாக எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். மருந்து புதிய பிளானின் பட்டியலில் இல்லை என்று பார்மசி திருப்பி அனுப்பினால், முதல் 90 நாளுக்குள் ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகத் தர பிளான் கடமைப்பட்டது. 'ட்ரான்சிஷன் ஃபில்' என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கம்பெனி ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி காப்பீடு தருகிறதா? அப்படியானால் வெளியே ஒரு மருந்து பிளானில் கையெழுத்துப் போடுமுன் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பல இடங்களில் வெளி பிளானில் சேர்ந்த உடனே கம்பெனிக் காப்பீடு முழுவதும், மனைவியின் மருத்துவ கவரேஜோடு சேர்த்து, ரத்தாகிவிடும். திரும்பச் சேர்க்காமலும் போகலாம். இங்கே செய்யும் தவறு மேலே சொன்ன எல்லாவற்றையும் விடப் பெரியது.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 15-க்கு முன் கம்பெனி அனுப்பும் 'கிரெடிட்டபிள் கவரேஜ்' (தகுதியான மருந்து கவரேஜ் உண்டா என்று சொல்லும்) கடிதத்தை வீசிவிடாதீர்கள். புதிய பிளான், முந்தைய கவரேஜ் பற்றிக் கேட்டு ஒரு படிவம் அனுப்பும். 30 நாளுக்குள் பதில் போகாவிட்டால் அபராதம் விழும். விழுந்த பிறகும், அபராதக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அப்போது இந்தக் கடிதம்தான் ஆதாரம்.

ஏஜென்ட் தவறாகச் சொல்லி ஏமாந்திருந்தால் மெடிக்கேரின் 1-800-633-4227 எண்ணை அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கட்டணம் இல்லை. எந்தத் தேதி, யார் பேசியது, என்ன சொன்னார் என்று சொல்லி, சிறப்புப் பதிவுக் காலம் (வழக்கமான பதிவுக் காலத்துக்கு வெளியே சேர அனுமதி) கேளுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், ஆகவே ஏஜென்ட் பேசிய அன்றே குறித்து வைத்த தேதியும் பெயரும் கையில் இருக்கட்டும்.