மெரியம்-வெப்ஸ்டர் இணைய தெசாரஸ் (ஆங்கில ஒத்தசொல் தொகுப்பு): கலக்கும், பின்னும் வினைகளுக்கு

'மிக்ஸ்' என்று தேடினால் மின்கிள், பிளெண்ட், மெர்ஜ், ஃபியூஸ் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் வாக்கியம் சொதப்பும். அதே தளத்தின் அகராதிப் பக்கத்தில் கீழே இறங்குங்கள். அங்குள்ள ஒப்பீட்டுப் பத்தியில்தான் சரக்கு இருக்கிறது. மின்கிள் என்றால் சேர்ந்தவை இன்னும் தனித்துத் தெரியும், பிளெண்டில் கரைந்துவிடும், ஃபியூஸில் பிரிக்கவே முடியாது. விருந்தினர்களை 'மின்கிள்' ஆகச் சொல்லலாம். 'பிளெண்ட்' செய்தால் ஜூஸ்தான்!

'வீவ்' என்பதற்கு இறந்தகாலம் பாருங்கள்: துணி நெய்தால் 'வோவ்', நெரிசலில் பைக் வளைந்து புகுந்தால் 'வீவ்ட்'. இந்த வினைகளுக்குப் பின் 'வித்' வருமா 'இன்டு' வருமா என்பதை ஒத்தசொல் பட்டியல் சொல்லாது, எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பொறுக்க வேண்டும். இலவசம், விளம்பரத் தொல்லை உண்டு.