கொடைக்கானல் டூர்: ஒரே சீட்டுக்கு மூன்று தடவை வசூல்

அபார்ட்மென்ட் குழு, கோயில் குழு, யோகா வகுப்புக் குழு என்று சேர்ந்து டூர் போகிறவர்களுக்கு இது. பணம் கட்டிய பிறகு போக முடியாமல் ஆகி, "ஒன்றும் திரும்ப வராது" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் டூர் என்றால் ஒருவர்தான். எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவோம், பெயர் வேண்டாம். 2024 மே மாதக் கடைசியில் கொடைக்கானல். பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு 8,500 ரூபாய். எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோடு, அங்கிருந்து டெம்போ டிராவலர், மேலே இரண்டு ராத்திரி காட்டேஜ். கணக்கை அவரே வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்: வேனுக்கு டிரைவர் பேட்டாவோடு 24,000, காட்டேஜுக்கு 30,000, மீதி ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும். அதாவது வேன், காட்டேஜ் பங்கு ஆளுக்கு 4,500. ரயிலும் சாப்பாடும் 4,000.

கிளம்ப ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன். அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து, வர முடியாது என்று சொன்னேன். "அத்தையைப் பாரும்மா, அதுதான் முக்கியம். ஆனா பணத்தை மட்டும் கேட்காதே, எல்லாம் கட்டியாச்சு, ஒரு பைசா வராது" என்றார்.

வேன், காட்டேஜ் பங்கை நானே கேட்டிருக்க மாட்டேன். பதினொரு பேர் போனாலும் வேன் வாடகை குறையாது. நான் வராததற்கு மற்றவர்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? ஆனால் ரயில் டிக்கெட் அப்படியல்ல. ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் இருந்தாலும் ஒருவரை மட்டும் கேன்சல் செய்யலாம். அப்போதிருந்த விதிப்படி, 48 மணி நேரத்துக்கு முன்னால் செய்தால் மூன்றடுக்கு ஏசியில் பிடித்தம் 180 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். மீதி, டிக்கெட் போட்டவரின் கணக்குக்கே தானாகத் திரும்பிவிடும். சாப்பாட்டுப் பணமோ இன்னும் செலவே ஆகவில்லை. கொடைக்கானலில் நான் சாப்பிடப்போகும் இட்லிக்கு யார் முன்பணம் வாங்கியிருப்பார்கள்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, குழுவில் முன்பே போட்டிருந்த டிக்கெட்டைத் தேடி எடுத்து பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ஐந்து பேருக்கு 'சிஎன்எஃப்', அதாவது இடம் உறுதி. நான்காவது வரியில் மட்டும் 'கேன்/மாட்', அதாவது கேன்சல் ஆகிவிட்டது. டிக்கெட்டில் நான்காவது பெயர் என்னுடையது. திரும்பி வரும் டிக்கெட்டிலும் அதே கதை. கேட்டதற்கு, "கேன்சல் பண்ணினேன், காசு வரலைம்மா, ரயில்வேகாரன் எப்பவும் இப்படித்தான்" என்றார். ரயில்வே மேல் பழியைப் போட்டுவிட்டால் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்!

அந்த மே 7 முதல்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் குழுவில் போட்ட பாஸில் பயணிகள் 12 என்று இருந்தது. பழைய எண்ணிக்கையையே போட்டிருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவர்கள் திரும்பி வந்த பிறகு காய்கறிக் கடையில் எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். "உன்னால எங்களுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபா தண்டம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், நான் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், அதனால் வேனுக்கும் காட்டேஜுக்கும் துண்டு விழுகிறது என்று சொல்லி, பதினொரு பேரிடமும் தனித்தனியாகப் போன் செய்து 500 வாங்கியிருக்கிறார். என் பங்கே 4,500தான், வசூலானது 5,500. அதோடும் விடவில்லை. என் இடத்தில் ஒருவரின் நாத்தனாரைச் சேர்த்து அவரிடமும் முழுசாக 8,500. ரயிலில் இடமில்லை என்று அந்தப் பெண்ணைப் போகவர பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறார். கிளாம்பாக்கத்தில் ஏறி வத்தலக்குண்டில் இறங்கி வேனில் சேர்ந்துகொண்டாராம். பஸ் கட்டணமும் அவருடைய கைக்காசு.

கூட்டிப் பாருங்கள்: என்னுடைய 8,500, மற்றவர்களுடைய 5,500, புதியவருடைய 8,500. ஒரே சீட்டுக்கு 22,500 ரூபாய். இதில் ரயில்வே பிடித்தது நானூறுக்கும் கீழே.

இதெல்லாம் எப்படி நடந்தது என்றால், பணப் பேச்சு எதையும் அவர் குழுவில் எழுதுவதே இல்லை. எல்லாம் தனிப் போன்தான், அதுவும் மெசேஜ் கிடையாது, பேச்சு மட்டும். குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டியும் வைத்திருந்தார். போகாதவள் போனவர்களிடம் கணக்குக் கேட்க மாட்டாள், போனவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பவளிடம் ஐந்நூறைப் பற்றிப் பேச மாட்டார்கள். இந்தக் கூச்சத்தை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்.

நாங்கள் நாலு பேர் நேரில் போய்க் கேட்டோம். முதலில் அழுகை. அப்புறம், "நாயா அலையுறேனே, அதுக்கு சர்வீஸ் சார்ஜ் கிடையாதா?" என்று கோபம். ராத்திரி எனக்கு ஜிபேயில் 2,000 வந்தது. காலையில் பார்த்தால் நான் குழுவிலேயே இல்லை.

அந்த சர்வீஸ் சார்ஜ் பேச்சு ஒரு வகையில் நல்லதுதான். இலவசமாகச் செய்து தரும் சேவைக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. காசு வாங்கிக்கொண்டு செய்தால் பொருந்தும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நான் டிக்கெட், 'கேன்/மாட்' ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, அவர் போட்ட செலவுக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாவும் நாத்தனாரும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் "விடுடி, ஐந்நூறுதானே" என்கிறார்கள். அவர்களுக்கு ஐந்நூறு, எனக்கு ஏறக்குறைய ஆறாயிரம்.

என் இடத்துக்கு வேறு ஆள் வந்து முழுப் பணமும் கொடுத்துவிட்டால், வேன், காட்டேஜ் பங்கும் எனக்குத் திரும்ப வர வேண்டியதுதான். இதை நான் பேராசை என்று நினைக்கவில்லை. ஆள் வரவில்லை என்றால் அந்த 4,500-ஐ நான் வாய் திறக்காமல் விட்டிருப்பேன். பணம் கட்டும் முன்பே இந்த இரண்டு வரியைக் குழுவில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்த டூருக்குக் கட்டாதீர்கள்.

அக்கா இப்போது ஏற்காட்டுக்கு ஆள் சேர்க்கிறாராம். ஏற்கனவே பணம் கட்டிவிட்டவர்கள் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணையும், வேன்காரரிடமும் காட்டேஜிலும் அட்வான்ஸ் கொடுத்த ரசீதையும் இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். யாராவது வரவில்லை என்று உங்களிடம் கூடுதல் பணம் கேட்டால், பணத்தை அனுப்பும் முன் அந்த வராதவருக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.