மதர்போர்ட் புதிது, புரொசசர் பழையது: கிளிநொச்சியில் மூன்று ஆண்டுகள்

கிளிநொச்சியில் சிறிய அச்சு வடிவமைப்பு நிலையம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு நூல்) எல்லாம் ஒரே கணினியில்தான். 2018இல் பூட்டியது: ரைசன் 5 2600 புரொசசர், ஏ320 மதர்போர்ட் (பாகங்கள் எல்லாம் பூட்டப்படும் பலகை), 16 ஜி.பி. ரேம்.

2022 ஐப்பசியில் ஒரு மாலை இரணைமடுப் பக்கமிருந்து இடி முழங்கிக்கொண்டு வந்தது. மின்பிளக்கைக் கழற்றினேன், ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை மறந்துவிட்டேன். மின்னல் அந்த வழியால் வந்தது. முதலில் இணையக் கேபிள் செருகும் இடம் செத்தது, பிறகு இரண்டு யூ.எஸ்.பி. செருகும் இடங்கள். இரண்டு வாரம் கழித்து, நாற்பது பக்கக் கல்வெட்டு ஒன்று திரையில் இருக்கும்போதே கணினி அணைந்து போனது. முப்பத்தோராம் நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. நண்பரின் கணினியில் இரவிரவாக அதை முடித்துக் கொடுத்தேன்.

என் புரொசசரை நண்பரின் அந்தக் கணினியில் பூட்டிப் பார்த்தேன். பழுதில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டிய ஆண்டு அது. முழுக் கணினி வாங்குவது நினைக்கவே முடியாத காரியம். மதர்போர்டை மட்டும் மாற்றத் தீர்மானித்தேன். கடையில் பி550 வகை மதர்போர்டைத்தான் நீட்டினார்கள். புதியதுதான், ஆனால் அதன் அதிகாரபூர்வ ஆதரவுப் பட்டியலில் 2600 இல்லை. பி450 வகை இரண்டு பக்கமும் கைகொடுக்கும்: 2600ஐயும் ஏற்கும், பயோஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பித்தால் பிந்திய ரைசன் 5000 வரிசையையும் ஏற்கும். அதையே எடுத்தேன்.

பழைய போர்டிலிருந்து கழற்றியபோது நெஞ்சு பதறிய இடம் ஒன்று உண்டு. புரொசசருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையில் பூசிய வெப்பப் பசை காய்ந்து இறுகிப்போய், குளிர்விப்பானை இழுத்ததும் புரொசசரும் சொக்கெட்டை விட்டு அதனுடன் வந்துவிட்டது. அடியில் 1331 ஊசிகள். மூலையில் இரண்டு வளைந்திருந்தன. ஈயக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து, மூச்சை அடக்கி நிமிர்த்தினேன். கணினி இயங்கும் நிலையில் இருந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, குளிர்விப்பானை இடம் வலமாகத் திருகிய பிறகே தூக்குங்கள்.

வேகம் கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புரொசசரின் வேகம் கூடவில்லை, கூடவும் செய்யாது; அதே புரொசசர்தானே. ஆனால் என் பழைய போர்டில் இல்லாத எம்.2 என்ற செருகும் இடம் இதில் இருந்ததால் என்.வி.எம்.இ. எனும் வேகமான சேமிப்பகம் போட முடிந்தது. பெரிய படக்கோப்புகள் திறக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. ரேமை 3200 வேகத்தில் ஓட்டியபோது கணினி வாரம் ஒருமுறை உறைந்தது. 2600க்கு உரிய 2933க்கு இறக்கியதும் அந்தத் தொல்லை நின்றது. புரொசசருக்கு மின்சாரம் கொடுக்கும் மின்னழுத்தப் பகுதியின் மேல் சூட்டைத் தணிக்கும் வெப்பத் தகடு இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். சோளகக் காற்று காலத்தில் செம்மண் புழுதி உள்ளே படிந்து சூடேற்றாத நாளில்லை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது பயோஸில் டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதியை இயக்கி விண்டோஸ் 11க்கு மாறினேன். அது ஏற்கும் புரொசசர்களின் பட்டியலில் 2600 இருக்கிறது. அதற்கு முந்திய ரைசன் 5 1600 இல்லை.

அடுத்து ரைசன் 5 5600 போட எண்ணியிருக்கிறேன். 2600 சொக்கெட்டில் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிட வேண்டும்; பழைய பயோஸுக்குப் புதிய புரொசசரைத் தெரியாது. பாதியில் மின்சாரம் நின்றால் போர்டே போய்விடும். அதனால் மாரி முடிந்து தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறேன். யூ.பி.எஸ்.ஸுக்குப் புதிய பட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.