கொங்கிரீட் கானா, கூரைநீர்த் தொட்டியா?

இலங்கையின் நுவரெலியா போன்ற மலையக நகரங்களில் காய்கறித் தோட்டங்களும் புல்வெளிகளும் விடுதிகளாக மாறும்போது, கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் மழையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உடனே வழிந்தோடுகிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், அப்படி வழிந்தோடும் நீர் சுமார் 4,500 லீற்றர். இந்நீரைக் கையாள இரு வழிகள் உள்ளன.

ஒன்று, கொங்கிரீட் கான், அதாவது வடிகால். அதற்கு இடம் குறைவாகவே தேவை. நீரும் விரைவாக அகலும். ஆனால் அது வெள்ளத்தை ஒழிப்பதில்லை, கீழே உள்ளவர்களிடம் தள்ளிவிடுகிறது. நுவரெலியா நகரின் சேறும் குப்பையும் 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியை அடைகின்றன. மண்ணுக்குள் நீர் இறங்காததால், மாசி, பங்குனியில் ஊற்றுநீர் விழும் பீலிகளும் மெலிகின்றன.

மற்றது, கூரைநீரைத் தொட்டியில் தேக்கி மெல்ல விடுவது அல்லது கசிவுக் குழியில் இறக்குவது. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி நீரின் வேகத்தைத் தணிக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இது புதிதன்று. எனினும், செங்குத்தான சரிவில் குழிக்குள் செலுத்தும் நீர் மண்ணுக்குள் உள்ள நீரின் அழுத்தத்தை உயர்த்தி மண்சரிவைத் தூண்டக்கூடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே குழி தோண்டலாகாது. அத்தகைய இடத்தில் மூடிய தொட்டியும் அடைப்பற்ற கானும் சேர்ந்தே வேண்டும். பள்ளத்தாக்கின் சமநிலத்திலோ தொட்டியையும் குழியையுமே நான் தேர்வேன்.