சின்ன ஆபீஸுக்கு எந்த பேக்கப்: என்ஏஎஸ் பெட்டியா, கிளவுடா, இரண்டு ஹார்டு டிஸ்க்கா?

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்தது. சர்வர் என்று நாங்கள் சொல்லும் கணினி மேசைக்கு அடியில் தரையில் இருந்தது. பேக்கப் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில். இரண்டும் ஒன்றாக நனைந்தன.

பேக்கிங் பொருள் வியாபாரம், மொத்தம் 9 கணினிகள், கணக்கு முழுக்க டாலியில். அக்டோபர் வரைக்குமான டேட்டா நல்லவேளையாக ஆடிட்டரிடம் இருந்தது. நவம்பர் விற்பனையை, இ-இன்வாய்ஸ் வழியாகத் தானாக ஏறியிருந்த ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை ரிட்டர்ன் பக்கத்திலிருந்து எடுத்தோம். கொள்முதலுக்கு 14ஆம் தேதி வந்த ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்), வரவு செலவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட். ரொக்க ரசீது, சரக்கு இருப்பு, எந்தத் தொகையை எந்த பில்லுக்குக் கழித்தோம் என்ற விவரம், இவை எங்கிருந்தும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் போட்டு நிலுவை கேட்டோம். மறுபடி பில் போட 9 நாள் ஆனது. கணக்கு நேராக இரண்டு மாதம்.

அதற்கப்புறம்தான் மூன்று வழிகளை விசாரித்தேன்.

முதலாவது என்ஏஎஸ் பெட்டி. இரண்டு டிஸ்க் போட்ட சிறிய சேமிப்புப் பெட்டி, நெட்வொர்க்கில் எல்லாக் கணினிக்கும் பொது. டிஸ்க்கோடு சேர்த்து 50,000 ரூபாயை ஒட்டி வந்தது. ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்பதை பேக்கப் என்று விற்கிறார்கள். அது டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. தண்ணீர், தீ, திருட்டு மூன்றும் பெட்டியை மொத்தமாகத்தான் எடுத்துப் போகும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் நெட்வொர்க்கில் திறந்திருக்கும் ஃபோல்டர்களைத் தேடிப் போய்ப் பூட்டும். 2022 ஜனவரியில் பரவிய டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த என்ஏஎஸ் பெட்டிகளையே குறிவைத்தது.

இரண்டாவது, எல்லாவற்றையும் கிளவுடில் வைப்பது. கூகுள் டிரைவ் மாதிரி ஒத்திசைக்கும் வசதியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் போய் நல்லதன் மேல் உட்கார்ந்துவிடும். முறையான கிளவுட் பேக்கப் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிளவுட் என்பதும் எங்கோ இருக்கும் ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

மூன்றாவதுதான் நாங்கள் எடுத்தது. வாரம் ஒருமுறை மாற்றி, ஒன்றை வெளியே எடுத்துப் போய் வைக்க 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு, அதோடு முக்கியமான ஃபோல்டர்களுக்கு மட்டும் கிளவுட். தேர்வைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: எல்லாம் போன மறுநாள் எத்தனை மணிக்கு முதல் பில் போட முடியும்?

விலையைவிட இதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். எங்கள் சர்வரின் முழு இமேஜ், அதாவது விண்டோஸ், டாலி, பிரிண்டர் அமைப்பு எல்லாம் சேர்ந்தது, 180 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலே அதை இறக்க 4 மணி நேரம் ஆகும். அந்த வேகம் நாள் முழுக்க நிற்காது. மிக்ஜாம் சமயத்தில் எங்கள் பக்கம் நாலு நாள் கரன்டும் இல்லை, நெட்டும் இல்லை. பின்னால் பார்த்த ஒத்திகையில், டிஸ்க்கிலிருந்து அதே 180 ஜிபி 50 நிமிடத்தில் ஏறிவிட்டது. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கரன்ட் இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம்.

இமேஜ் எடுக்க வீம் ஏஜென்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். மாற்றி மாற்றிச் செருகும் டிஸ்க்குகளை அது அடையாளம் வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைத் தானே துண்டித்துவிடும்படி அமைக்கலாம், அதை மறக்காமல் செய்யுங்கள். துண்டித்த டிஸ்க்கை ரேன்சம்வேர் தொட முடியாது.

ஆனால் இந்த 50 நிமிடம் முதல் முறையே வந்துவிடவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் பழைய லேப்டாப் ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். பேக்கப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டது. அது சர்வரிலேயே ஒரு நோட்பேட் ஃபைலில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்து எழுதி வந்தோம், நிஜ வெள்ளமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் டாலி திறந்தது. கணக்குப் பார்க்கும் பெண் ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணாம் தேதி, ரெண்டாம் தேதி, மாசக் கடைசி மட்டும்தான் எடுக்குது" என்றார். வேறு கணினி என்பதால் உரிமம் இல்லாமல் எஜுகேஷனல் மோடில், அதாவது சில தேதிகளை மட்டும் ஏற்கும் பயிற்சி நிலையில் திறந்திருக்கிறது. சீரியல் எண்ணும், உரிமம் பதிந்த மின்னஞ்சலும் கையில் இருந்தால்தான் மேலே போக முடியும்.

இவை எல்லாம் இப்போது ஒரு தாளில் அச்சாகி, டிஸ்க்கோடு பிளாஸ்டிக் கவரில் என் வீட்டு இரண்டாம் மாடியில் இருக்கின்றன. இன்னொரு பிரதி ஆடிட்டரிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் முடிந்ததாக எழுதுகிறோம்.

கிளவுடின் பங்கு சிறியது, ஆனால் தவிர்க்க முடியாதது. டாலி டேட்டா, கொட்டேஷன், ஒப்பந்த ஸ்கேன்கள் என 40 ஜிபி. இரவு டாலியை மூடியபின் அமேசானின் மும்பை மையத்துக்குப் போகிறது, மாதம் 200 ரூபாயைத் தாண்டியதில்லை. பிரைவேட் லிமிடெட்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே விதி மாறிவிட்டது. வாரம் ஒருமுறை மாற்றும் டிஸ்க்கை மட்டும் நம்பினால் அது நிறைவேறாது.

டாலியையே கிளவுடில் வாடகைக்கு ஓட்டும் வழியும் உண்டு. நண்பர் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 20, 30 கணினி உள்ள இடத்தில் டிஸ்க் மாற்றுவது கட்டுப்படியாகாது என்றும் தோன்றுகிறது. அங்கே என்ஏஎஸ்ஸும் அதற்கொரு கிளவுட் பிரதியும் வைப்பதுதான் முறையாக இருக்கும்.

எங்கள் ஏற்பாட்டின் பலவீனம் மனித கைதான். சனிக்கிழமை சாயந்திரம் யாராவது டிஸ்க்கை மாற்றி எடுத்துப் போக வேண்டும். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். கடந்த ஒரு வருடத்தில் இரண்டு வாரம் விட்டுப்போயிருக்கிறது, ஒன்று தீபாவளி, ஒன்று பொங்கல். அந்த வாரங்களிலும் இரவுப் பிரதி மும்பைக்குப் போயிருந்தது.